அப்பாவின் புல்லட்டுக்கு வீட்டிலேயே வைத்தியம்!

தொப்பூர் கணவாயில் திணறிய வண்டி திணறாமல் ஏறியது எப்படி?

(பெங்களூர், நமது பகுதி நேர நிருபர்)

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 3 மணி. ஸ்ரீராமபுரத்தில், "வட்டாரம்" என்று இங்கே சொல்கிற ஒண்டுக் குடித்தன வரிசை. குழாயடியில் குடங்கள் காத்திருக்கின்றன. கடைசி வீட்டு வாசலில் ஒரு மரப் பெட்டி, அதன் மேல் ஒரு மோட்டார் சைக்கிள் என்ஜினின் ஹெட், பக்கத்தில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற நீர் டியூப். பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு பெண் டியூபில் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுகிறாள். அவள் தகப்பனார் ஒரு போல்ட்டை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு, "இப்போ எவ்வளவும்மா?" என்று கேட்கிறார்.

நான் ரெயில்வேயில் குமாஸ்தா. என் வேலை பார்சல் ரசீது, டெமரேஜ் கணக்கு, பதிவேடு. என்ஜின் என்றால் தூரத்தில் நின்று பார்த்துப் பழக்கமே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆனாலும் அந்த வாசலில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு ஐந்து ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து போனேன். அங்கே கண்டதையும் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வயது 52. பீனியாவில் ஒரு சிறு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறார். சொந்த ஊர் சேலத்துக்குப் பக்கம். "லேத் அண்ணன்" என்றே குறிப்பிடுகிறேன். தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பி.எப். கடனில் வந்த வண்டி

லேத் அண்ணனின் தகப்பனார் எச்.ஏ.எல். வார்ப்படச் சாலையில் வேலை பார்த்தவர். 1984-ல் பி.எப். கடன் போட்டு ஒரு புல்லட் 350 வாங்கினார். நம்மூர்ச் சரக்குதான். சென்னை திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்தது. 346 சி.சி., ஒரே சிலிண்டர், பிஸ்டன் விட்டம் 70 மி.மீ., அது ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ., சக்தி சுமார் 18 குதிரைத் திறன். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்டார்ட் செய்யும்போது ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, அளவு பார்த்து உதைக்க வேண்டும். தெரியாதவர் உதைத்தால் வண்டி திருப்பி உதைக்கும்.

அந்த வண்டியில்தான் அண்ணன் பள்ளிக்கூடம் போனார். கல்யாணமாகி மனைவியை அழைத்து வந்ததும் அதில்தான். தகப்பனார் காலமான பிறகு வண்டி அவர் பேருக்கு மாறியது. வருஷத்துக்கு இரண்டு தடவை, பொங்கலுக்கும் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கும், மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு அதே வண்டியில் சேலம் போய் வருவார்.

சில வருஷமாக ஒரு தொல்லை. போகும்போது இறக்கம், பிரச்சினை இல்லை. திரும்பி வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வண்டி திணறியது. மூன்றாவது கியரில் இழுக்காது. இரண்டாவது கியரில் போட்டால் என்ஜின் கொதிக்கும். லாரிகள் பின்னால் வந்து ஹாரன் அடிக்கும். சென்ற வருஷம் பாதி ஏற்றத்தில் ஓரமாக நிறுத்தி, முக்கால் மணி நேரம் ஆறவைத்து எடுத்து வந்தார்கள்.

"வித்துடலாம்ப்பா. பழைய புல்லட்டுக்கு இப்ப நல்ல விலை" என்றான் மகன். வீட்டில் ஒரு மாதம் இதே பேச்சு. அண்ணி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "உங்க அப்பா வண்டி. உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டார்களாம். அந்த வார்த்தைதான் அதிகம் உறுத்தியது என்கிறார் அண்ணன்.

முதல் தவறு: சைலன்ஸர்

முதலில் ஒரு வொர்க்‌ஷாப்பில் கேட்டார். "புகை வெளியே போகலை சார். திறந்த சைலன்ஸர் போடுங்க, பறக்கும்" என்றார்கள். போட்டார். வண்டி பறக்கவில்லை. சத்தம்தான் பறந்தது.

எதிர் வீட்டில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், இரவு டியூட்டி முடித்துக் காலையில் தூங்குகிறவர். நாலாம் நாள் கதவைத் தட்டி, "அண்ணா, எனக்கு ஒரு வாரமா தூக்கமில்லை" என்றார். அடுத்த வாரம் டிராபிக் போலீஸ் பிடித்து அபராதம் போட்டார்கள். அன்று மாலையே பழைய சைலன்ஸரை மாட்டிவிட்டார்.

"ஆனா அந்த மெக்கானிக் சொன்னதிலே பாதி உண்மை தம்பி. புகை போகலைங்கிறது நிஜம். எங்கே அடைக்குதுன்னு அவர் பார்க்கலை. வால் பக்கம் பார்த்தார். அடைப்பு தலைப் பக்கம்" என்றார் அண்ணன்.

ஜன நெரிசலும் புகை நெரிசலும்

எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்று கேட்டேன். ரெயில்வேக்காரனுக்கு ரெயில்வே உதாரணமே சொன்னார்.

சிட்டி ஸ்டேஷனில் காலையில் சென்னை மெயில் வந்து நிற்கிறது. ஆயிரம் பேர் இறங்கி ஒரே சுரங்கப் பாதையில் திரும்பி வெளியே போக வேண்டும். பாதை அகலமாகத்தான் இருக்கிறது. ஆனால் திருப்பத்தில் ஒரு பெட்டிக்கடை நீட்டிக்கொண்டிருக்கிறது, படி ஒன்று அரை அடி தூக்கலாக இருக்கிறது. கூட்டம் அங்கே இடித்துக்கொண்டு நிற்கும். அதற்குள் அடுத்த வண்டி வந்துவிட்டால்? புதுக் கூட்டம் இறங்க இடமில்லை.

என்ஜினிலும் அதே கதை. நிமிஷத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போது, எரிந்த புகையைப் பிஸ்டன் மேலே தள்ளி வெளியேற்றுகிற நேரம் ஒரு வினாடியில் 1,000-ல் ஏழரைப் பங்குதான். இப்படி வினாடிக்கு 33 தடவை நடக்கிறது. புகை வால்வைச் சுற்றி வந்து, உடனே வளைந்து, போர்ட் என்கிற துவாரத்தின் வழியாகக் குழாய்க்குப் போக வேண்டும். பழைய புகை கொஞ்சம் தங்கிவிட்டால் அந்த இடத்துக்குப் புதுப் பெட்ரோல் காற்று வராது. சக்தி குறையும், சூடு ஏறும்.

"எங்கப்பா வார்ப்படக்காரர். மணல் அச்சிலே அலுமினியம் ஊத்தினா, அச்சு ரெண்டும் சேருற இடத்திலே பிசிறு வரும்பார். வெளிப்பக்கம் தேய்ச்சு எடுத்துருவாங்க. உள்பக்கம் யார் பார்க்கிறது? இந்த ஹெட்டிலே வால்வு சீட்டுக்குக் கீழே முக்கால் மில்லிமீட்டருக்கு ஒரு படி. குழாய் வந்து சேருற இடத்திலே இன்னொரு படி. நாப்பது வருஷக் கரி வேற" என்று விரலை உள்ளே விட்டுத் தடவிக் காட்டினார். என்னையும் தடவச் சொன்னார். படி விரலில் தட்டியது.

ரெயில் என்ஜினிலும் இதே வித்தை

இது புது வித்தை அல்ல. பிரான்ஸ் நாட்டு ரெயில்வே என்ஜினீயர் ஆந்திரே ஷப்லோன், 1929-ல் ஒரு பழைய நீராவி என்ஜினை எடுத்துத் திருத்தி அமைத்தார். நீராவி போகும் வழிகளை அகலமாக்கினார். நீராவியை மேலும் சூடாக்கினார். புகைபோக்கி அமைப்பையும் மாற்றினார். அதே என்ஜினின் சக்தி ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. உலக ரெயில்வேக்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

மோட்டார் என்ஜினில் இதைக் கணக்காகச் செய்து காட்டியவர் இங்கிலாந்தின் ஹாரி வெஸ்லேக். துவாரத்தின் வழியாகக் காற்றைச் செலுத்தி, எவ்வளவு போகிறது என்று அளந்து பார்த்துத் திருத்துவது அவர் முறை. ஜாகுவார், ஆஸ்டின் கார்களின் ஹெட்டுகளில் அவர் கைவண்ணம் உண்டு. 1978-ல் காலமானார்.

நம் பக்கத்தில் சென்னையை அடுத்த சோழவரம் விமானத் தளத்தில் பந்தயம் நடந்த காலத்தில், பெங்களூர் மெக்கானிக்குகள் இந்த வேலையைக் கையாலேயே செய்துகொண்டு போவார்கள். மைசூரில் தயாரான ஜாவா, எஸ்டி வண்டிகளும், பிறகு யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் இந்தக் கைவேலைக்குப் பேர் போனவை. ஆனால் அவை டூ ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றில் போர்ட் சிலிண்டர் சுவரிலேயே இருக்கும். ஹெட்டில் வால்வு இல்லை. புல்லட் போன்ற போர் ஸ்ட்ரோக் வண்டியில்தான் ஹெட்டைத் தொட வேண்டும். ஒன்றுக்குச் சொன்ன வைத்தியம் மற்றதற்கு ஆகாது.

அறுத்துப் பார்த்த ஹெட்

லேத் அண்ணன் எடுத்த எடுப்பில் தகப்பனார் வண்டியின் ஹெட்டைத் தொடவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது.

பெங்களூர்க்காரர்கள் "குஜரி" என்று சொல்லும் பழைய இரும்புக் கடையில், மரை போன இரண்டு பழைய ஹெட்டுகள் வாங்கி வந்தார். ஒன்றை ஹாக்ஸா பிளேடால், புகைத் துவாரத்தின் நடுவாக, இரண்டு பாதியாக அறுத்தார். இரண்டு ராத்திரி ஆயிற்று. அறுத்த பாதியில் எந்த இடத்தில் அலுமினியம் தடிமன், எந்த இடத்தில் மெலிவு, சீட் எவ்வளவு ஆழம், ஸ்டட் மரை எங்கே வருகிறது எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. வெர்னியரால் அளந்து, மகளை விட்டுப் படம் போட்டு வைத்தார்.

"கண்ணை மூடிக்கிட்டுத் தோண்டினா என்ன ஆகும்னா, ஒரு நாள் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த ஹெட்டு சோறு வடிக்கக்கூட ஆகாது" என்றார்.

இரண்டாவது ஹெட் கற்றுக் கொடுத்த பாடம்

இரண்டாவது ஹெட்டில் பழகினார். இங்கேதான் சறுக்கினார். அவரே சொன்னதால் எழுதுகிறேன்.

துவாரம் பெரிதானால் காற்று அதிகம் போகும் என்று, உள்ளே வரும் துவாரம், வெளியே போகும் துவாரம் இரண்டையும் சுற்றிலும் இரண்டிரண்டு மில்லிமீட்டர் தோண்டிவிட்டார். கண்ணாடி மாதிரி பாலிஷும் போட்டார். அந்த ஹெட்டின் மரைகளைச் சரிசெய்து வண்டியில் மாட்டி ஓட்டினார். பீனியா மேம்பாலம் ஏறவே வண்டி அழுதது. நல்ல வேகத்தில் முறுக்கினால் சுமாராகப் போனது. மெதுவாகப் போகும்போது இழுவை சுத்தமாக இல்லை.

"மூணு நாள் தூக்கம் இல்லை தம்பி. அப்பா வண்டியைக் கெடுத்துட்டமேன்னு."

காரணம் பிறகு புரிந்தது. தோட்டத்தில் ஹோஸ் பைப் முனையை விரலால் அமுக்கினால் நீர் வேகமாகப் பாய்கிறது. விரலை எடுத்தால் காலடியில் கொட்டுகிறது. துவாரம் அளவுக்கு மீறிப் பெரிதானால் காற்றின் வேகம் குறையும். பந்தய வண்டி எப்போதும் உச்ச வேகத்தில் ஓடுவது, அதற்குப் பெரிய துவாரம் ஒத்து வரும். குடும்பம் உட்கார்ந்து மலை ஏறுகிற வண்டிக்கு வேகம் குறையாத அளவான துவாரம்தான் வேண்டும். பெட்ரோல் வரும் துவாரத்தைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போடுவதும் தப்பு. சுவரில் படியும் பெட்ரோல் துளி மறுபடி காற்றோடு கலக்கக் கொஞ்சம் சொரசொரப்பு இருப்பதே நல்லது. புகைத் துவாரத்துக்கு மட்டும் பாலிஷ் போடலாம். கரி லேசில் ஒட்டாது.

நல்லவேளை, தகப்பனார் வண்டியின் சொந்த ஹெட் அப்போது பரணில் பத்திரமாக இருந்தது.

மூன்றாவது ஹெட்: வேலை நடந்த விதம்

நான் பார்த்தது மூன்றாவது ஹெட்டின் வேலையை. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வால்வு ஸ்பிரிங்குகளை அமுக்கி எடுத்தார். ஸ்பிரிங் துள்ளினால் கண் போய்விடும், ஆகவே மேலே துணி போர்த்திக்கொண்டார். எடுத்த ஒவ்வொரு சாமானும் பேர் எழுதிய தீப்பெட்டியில் போனது. கரியை மரக்குச்சியாலும் மண்ணெண்ணெயாலும் சுரண்டினார். இரும்புக் கத்தி கூடாது, அலுமினியம் கீறிவிடும்.

குழாய் சேரும் வாயில் நீலம் பூசி, குழாயின் உள் விட்டத்துக்கு வெட்டிய அட்டையை வைத்து ஊசியால் கோடு போட்டார். கோட்டுக்குள் துருத்தும் படியை மட்டும் எடுக்க வேண்டும். கோட்டைத் தாண்டக் கூடாது.

வால்வு சீட் தேய்ந்துவிடாமல் இருக்க ஒரு பழைய வால்வை அதில் வைத்துக்கொண்டார். நீண்ட கேபிளில் சுழலும் சிறு கிரைண்டரில் "பர்" என்கிற பல்லுள்ள உளியை மாட்டி வேலை ஆரம்பித்தார். அலுமினியம் பல்லில் அப்பிக்கொள்ளும், ஆகவே அடிக்கடி மெழுகில் தொட்டுக்கொண்டார். ஒரே இடத்தில் நிறுத்தாமல் கை ஓடிக்கொண்டே இருந்தது. பத்து நிமிஷம் வேலை, ஐந்து நிமிஷம் விரலால் தடவிப் பார்ப்பது.

அவர் தொட்ட இடங்கள் நாலுதான்.

1. சீட்டுக்குக் கீழே உள்ள படி. அதைச் சரிவாக்கினார்.

2. வால்வு கைடைச் சுற்றியுள்ள மேடு. அதை முழுக்க எடுக்கவில்லை. எடுத்தால் கைடுக்குப் பிடிப்பு போய்விடும். படகு முனை மாதிரி இரண்டு பக்கமும் சரித்தார்.

3. வளைவின் உள்பக்க விளிம்பு. புகை வேகமாகத் திரும்பும்போது இங்கேதான் சுவரை விட்டு விலகிச் சுழல் போடும். கூர்மையை மட்டும் உருட்டினார். தாழ்த்தவில்லை. கெடுப்பதாக இருந்தால் இந்த இடத்தில்தான் கெடும் என்றார்.

4. குழாய் சேரும் வாய்.

பிறகு, நுனி பிளந்த கம்பியில் எமரித் தாளைச் சுருட்டி, 80 நம்பரில் தொடங்கி 320 வரைக்கும் தேய்த்தார். வேலை நேரம் முழுக்கக் கண்ணாடியும் முகமூடியும் போட்டிருந்தார். லுங்கி கட்டிக்கொண்டு இந்த வேலை செய்யக் கூடாது, பேண்ட்தான். நேரமும் பிற்பகல் 3 முதல் 5 வரைதான். எதிர் வீட்டு நர்ஸ் எழுந்த பிறகு.

கொத்தனார் டியூப்

இனி அந்த மரப் பெட்டி. வெஸ்லேக் பெரிய யந்திரம் வைத்துச் செய்ததை அண்ணன் வீட்டுச் சாமானில் செய்தார்.

சிக்பேட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய வேக்குவம் கிளீனர் மோட்டார், பெட்டிக்குள் காற்றை ஊதுகிறது. பெட்டியின் மேல் 70 மி.மீ. உள் விட்டமுள்ள குழாய்த் துண்டு, அதன் மேல் ஹெட். காற்று வால்வு வழியாகப் புகைத் துவாரத்தில் வெளியேறுகிறது. பெட்டியில் உள்ள அழுத்தம், வளைத்துக் கட்டிய டியூபில் நீரை ஒரு பக்கம் தூக்குகிறது. வால்வைத் திறக்க 6 மி.மீ. போல்ட். அதன் மரை சுற்றுக்கு 1 மி.மீ. ஆகவே ஒரு சுற்று என்றால் வால்வு 1 மி.மீ. திறக்கும்.

காற்று தடையில்லாமல் போனால் பெட்டியில் அழுத்தம் குறையும், நீர் இறங்கும். வேலைக்கு முன்பு 6 மி.மீ. திறப்பில் இரண்டு பக்க நீர் மட்ட வித்தியாசம் 11 அங்குலம். வேலை முடிந்தபோது 9½ அங்குலம். ஒன்றரை அங்குலம்தானா என்று கேட்டேன். "அந்த ஒன்றரை அங்குலம்தான் தம்பி தொப்பூர்" என்றார்.

நம் ஊர் மின்சாரத்தில் வோல்டேஜ் ஒரு நாள் போல் ஒரு நாள் இராது. மோட்டார் மெதுவாகச் சுற்றினாலும் நீர் இறங்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆகவே ஒவ்வொரு தடவையும் முதலில் துளை போட்ட ஒரு தகட்டை வைத்து அளந்து, அது பழைய கணக்குக்கு வந்த பிறகே ஹெட்டை அளந்தார்கள். இந்த யோசனை மகளுடையது.

வால்வு சீட்தான் உயிர்

ஒரு வேலையை மட்டும் அண்ணன் வீட்டில் செய்யவில்லை. வால்வு கைடு மாற்றுவதையும் சீட் வெட்டுவதையும் ஜே.சி. ரோடு பக்கம் யந்திரம் உள்ளவரிடம் கொடுத்தார். வால்வு உட்காரும் முகம் 45 டிகிரி, மேலே 30, கீழே 60 என்று மூன்று கோணம். புகை வால்வின் சூட்டில் பெரும் பங்கு சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. முகம் மிகவும் ஒடுக்கமானால் சூடு இறங்காமல் வால்வு கருகும்.

வீட்டுக்கு வந்ததும் கிரைண்டிங் பேஸ்ட் தடவி வால்வைக் கையால் உருட்டி உரசினார். சுற்றிலும் ஒரே சாம்பல் வளையம் விழுந்தது. துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தார். ஒரு சொட்டு கசியவில்லை. பிறகு சோப்புத் தண்ணீரில் மூன்று தடவை கழுவினார்கள். எமரித் தூள் ஒரு சிட்டிகை தங்கினாலும் சிலிண்டரை அரைத்துவிடும்.

மாட்டிய பிறகு முதல் நூறு கிலோமீட்டரில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். வெளுத்திருந்தது. காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் உருகும். கார்புரேட்டரில் மெயின் ஜெட் ஒரு நம்பர் கூட்டினார். பிளக் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்தது.

செலவுக் கணக்கு

குமாஸ்தா புத்தி, கணக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. பழைய ஹெட் இரண்டு 1,800 ரூபாய். பர் மூன்று 900. எமரி, பேஸ்ட், மண்ணெண்ணெய் 250. கைடு, சீட் வேலை 1,400. கேஸ்கெட் செட் 350. ஆக மொத்தம் 4,700 ரூபாய். கிரைண்டரும் மோட்டாரும் அவரிடம் முன்பே இருந்தன. "எல்லாம் மாத்தணும்" என்று ஒரு வொர்க்‌ஷாப் கேட்ட தொகை 18,000. ஆனால் அண்ணனின் ஐந்து வாரக் கூலியையும், பழகும்போது வீணான ஹெட்டையும் கணக்கில் சேர்த்தால் லாபம் பெரிதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் வாசகர்களுக்குத் துரோகம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தித் தீர்ப்பு அளித்தது. வேறு என்ஜின், பெரிய பிஸ்டன், சத்தம் போடும் சைலன்ஸர் எல்லாம் வம்பை விலைக்கு வாங்குவதுதான். பல நகரங்களில் போலீசார் இத்தகைய சைலன்ஸர்களைப் பறித்து ரோடு ரோலரால் நசுக்கியிருக்கிறார்கள்.

அண்ணன் வண்டியில் சி.சி. மாறவில்லை. சைலன்ஸர் கம்பெனிச் சரக்கு. வேலை முடிந்ததும் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ச் சான்றிதழ் வாங்கினார். 15 வருஷம் தாண்டிய வண்டி என்பதால் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் புதுப்பித்தும் வருகிறார். பந்தயத்துக்காகச் செய்ய ஆசைப்படும் இளைஞர்கள் இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிப்பாளையம் போன்ற பந்தயத் தளங்களில் முறைப்படி ஓட்டலாம். ஓசூர் ரோட்டில் வேண்டாம்.

தொப்பூரில் நடந்தது

பொங்கல் முடிந்து திரும்பிய அன்று இரவே அண்ணன் வீட்டுக்குப் போனேன். வண்டி வாசலில் நின்றது. அண்ணிதான் கதவைத் திறந்தார்கள்.

"ஏறுச்சுங்களா அண்ணி?" என்றேன்.

"ஏறுச்சு தம்பி. மூணாவது கியரை மாத்தவே இல்லை. போன வருஷம் நின்ன அந்த மரம் வந்தது. இவரு நிறுத்தறாரோன்னு பார்த்தேன். நிறுத்தலை. மேலே போய்த்தான் நிறுத்தினார்."

"மேலே ஏன் நிறுத்தினீங்க அண்ணே? சூடாயிடுச்சா?"

அண்ணன் சிரித்தார். "சூடு இல்லை. சும்மா, டீ குடிக்க."

வண்டி வேகம் கூடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உச்ச வேகம் பழையபடிதான். ஏற்றத்தில் இழுவை வந்தது, சூடு குறைந்தது. அவ்வளவே அவர் கேட்டது. அதிலும் பாதிப் பெருமை புது கைடுக்கும் சீட் வேலைக்கும் சேர வேண்டியது என்று அண்ணனே சொல்கிறார்.

விற்கிற பேச்சை மகன் விட்டுவிட்டான். இப்போது அந்தத் தெருவில் இரண்டு பையன்கள் தங்கள் வண்டி ஹெட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணனிடம் வருகிறார்கள். அவர் உடனே கிரைண்டரை எடுத்துக் கொடுப்பதில்லை. அறுத்து வைத்த அந்த அரை ஹெட்டைக் கையில் கொடுத்து, "இதை ஒரு வாரம் பாரு. எங்கே தடிமன், எங்கே மெலிவுன்னு படம் போட்டுக்கிட்டு வா. அப்புறம் பேசலாம்" என்கிறார்.

ஒருவன் படம் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். மற்றவன் இன்னும் வரவில்லை.